மலையைப் பார்க்கும் சன்னலும் வெயிலைப் பார்க்கும் சன்னலும்: வடக்கு டிராக்கன்ஸ்பெர்க்கில் மூன்று தங்குமிடங்கள்

சென்ற ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து காரில் கிளம்பி, வடக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியில் ஆறு இரவுகள் தங்கித் திரும்பினோம். என் கணவர், 74 வயதான என் அம்மா, 15 வயது மகள், 9 வயது மகன், நான் என்று மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பகலெல்லாம் மலையிலும் நீர்க்கரையிலும் நடக்க வேண்டும். இரவில் அம்மாவின் முழங்கால் வலி கூடாமல் எல்லோரும் கதகதப்பாகத் தூங்க வேண்டும். இத்தனையும் ஒரே வீட்டில் கிடைக்குமா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருந்ததால், மூன்று இடங்களில் இரண்டிரண்டு இரவுகளாகப் பதிவு செய்தோம். நடுவில் தங்கியது ராயல் நட்டால் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தெண்டேலே முகாம். முதலாவதும் மூன்றாவதும் தனிக் குடும்பங்கள் நடத்தும் சிறிய வீடுகள். அவற்றின் பெயர்களை நான் எழுதவில்லை. அங்கே நான் கண்ட குறையும் நிறையும் அந்த வட்டாரத்தில் உள்ள எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால், பெயரைவிட, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர், எஸ்ட்கோர்ட் ஆகிய ஊர்களைத் தாண்டி, வின்டர்டன் வழியாகப் பெர்க்வில் போய், அங்கிருந்து மலையை நோக்கித் திரும்பினால் ராயல் நட்டால் பூங்கா ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அம்மாவோடு நின்று நின்று போன எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. கடற்காற்றிலேயே பழகிய டர்பன்காரர்களுக்கு ஜூலையில்கூட ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். மூய் ரிவர் சுங்கச்சாவடியில் பணம் கொடுக்கக் கண்ணாடியை இறக்கியபோது உள்ளே வந்த காற்றிலேயே இது வேறு சீமை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. மலைத்தொடரின் உச்சிகள் 3,000 மீட்டருக்கு மேல் போகின்றன. வீடுகள் இருக்கும் அடிவாரமே 1,200 மீட்டருக்கும் 1,700 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மழை அநேகமாக இல்லை, பகலில் வானம் துடைத்துவைத்தது போல் இருக்கும். ஆனால் சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர் இறங்கி, விடிவதற்குள் புல்வெளியெல்லாம் உறைபனியால் வெளுத்துவிடுகிறது. ஆகவே இந்த மலைக்குக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் காட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வெப்பத்தைத்தான் விசாரிக்க வேண்டும். எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது முதல் வீடு.

அது பெர்க்வில் ஊருக்கு மேற்கே, உட்ஸ்டாக் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி, ஒரு பண்ணைக்குள் இருக்கும் வீடு. இணையத்தில் போட்டிருந்த படங்களைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே மனதாகத் தேர்ந்தெடுத்தோம். கூடம் முழுவதும் ஒரே கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் புல்வெளி, அதை ஒட்டி நீர், நீருக்கு அந்தப் பக்கம் நீல நிறத்தில் மலைச்சுவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலை படத்தில் இருந்தபடியே இருந்தது. நீர்தான் தள்ளிப் போயிருந்தது. புல்வெளி முடிந்த இடத்திலிருந்து வெடித்த சேறு வெகுதூரம் நீண்டு கிடந்தது. மகன் நீரைத் தொட்டுவிட வேண்டும் என்று ஓடி, கணுக்கால்வரை புதைந்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

இதில் வீட்டுக்காரரைக் குறைசொல்வதற்கு ஒன்றும் இல்லை, படம் எடுத்த மாதத்தைக் குறிப்பிடவில்லை என்பதைத் தவிர. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் இயற்கை ஏரிகள் மிகவும் அரிது. ‘ஏரிக்கரை வீடு’ என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் ஓர் அணையின் கரையில் இருக்கும் வீடுதான். நமக்கு இது புதிதும் அல்ல. தமிழில் ஏரி என்றாலே கரை கட்டி, மதகு வைத்து, மழையைத் தேக்கிய நீர். அது நிறையும், வற்றும். இங்கே மழைக்காலம் கோடைகாலம். மார்ச் மாதத்தில் எடுத்த படத்தில் படிக்கட்டுவரை நிற்கும் நீர், ஜூலையில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீர்நிலைக்காகவே போகிறவர்கள், “நாங்கள் வரும் மாதத்தில் தண்ணீர் வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கும்?” என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். அணைகளின் நீர்மட்டத்தை நீர்வளத் துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. பதிவு செய்வதற்கு முன் அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இரவுதான் உண்மையான சோதனை. அந்த அழகான கண்ணாடிச் சுவர் ஒற்றைக் கண்ணாடி. அதற்குத் திரை இருந்தது, ஆனால் உள்துணி இல்லாத மெல்லிய திரை. கூரை உயரமாக இருந்ததால் கணப்பில் மூட்டிய தீயின் சூடெல்லாம் மேலே போய்விட்டது. விறகு வாட்டில் மரம்தான், நல்ல விறகு. ஆனால் அந்தப் பருவத்தில் வெட்டிய ஈர விறகு. சீறிச் சீறிப் புகைந்ததே தவிர எரியவில்லை. அம்மா இரண்டு ஸ்வெட்டரும் மங்கி குல்லாயும் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னதும் வீட்டுக்காரர் வருந்தி, தம் வீட்டிலிருந்தே ஒரு மின் ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் கீசரையும் ஒரே நேரத்தில் போட்டதும் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. குளிப்பதா, குளிர் காய்வதா என்று முறை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விடிந்து பார்த்தால், எங்கள் மூச்சே கண்ணாடியின் உட்புறத்தில் துளிகளாக வழிந்து, கீழ்ச்சட்டத்தில் நூல் போல மெல்லிய பனிக்கட்டியாக உறைந்திருந்தது. மகன் அதை நகத்தால் சுரண்டி எடுத்து, “அம்மா, வீட்டுக்குள்ளேயே ஐஸ்!” என்று என் உள்ளங்கையில் வைத்தான். அவனுக்கு அது திருவிழா. அம்மாவுக்கு அன்று காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது.

பதினொரு மணிக்கு அவரை வெளியே வெயிலில் உட்காரவைக்க நாற்காலியை எடுத்துக்கொண்டு போனபோதுதான் வீட்டின் கோளாறு என் கண்ணில் பட்டது. முன்புறத் திண்ணை முழுவதும் நிழல். வெயில் வீட்டின் பின்புறத்தில், கார் நிறுத்தும் கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் சன்னல்களெல்லாம் மலையைப் பார்த்து, அதாவது தென்மேற்கைப் பார்த்து இருந்தன. வடக்குச் சுவரில் குளியலறையின் சிறு சன்னலைத் தவிர வேறொன்றும் இல்லை.

நாம் தென் அரைக்கோளத்தில் வாழ்கிறோம் என்பது நம் வீடு கட்டும் பேச்சில் இன்னும் இறங்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீடு கிழக்குப் பார்த்ததா என்று கேட்கிறோம். மூத்தோர் சொல்லிவைத்த வாஸ்துவைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். இங்கே அது வடக்கே சாய்ந்து போகிறது. டிராக்கன்ஸ்பெர்க்கில் ஜூலை மாத நண்பகலில்கூடச் சூரியன் வடவானில் பாதி உயரத்துக்குக் குறைவாகவே நிற்கிறது. அந்தச் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னல் வழியாக அறைக்குள் ஆழமாக நுழைந்து, தரையையும் சுவரையும் மாலைவரை சூடாக்கிவைக்கும். தெற்குப் பார்த்த சன்னலுக்கு அந்த மாதங்கள் முழுவதும் வெயில் கிடையாது. வடக்கு டிராக்கன்ஸ்பெர்க்கிலோ மலைச்சுவர் வீடுகளுக்குத் தென்மேற்கே இருக்கிறது. மலையை முழுவதாகப் பார்க்கத் திறந்துவைத்த வீடு வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறது. குளிர்காலத்துக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் எடைபோட வேண்டியது இந்த முரண்பாட்டைத்தான். விளம்பரப் படங்களில் இது தெரியாது. செயற்கைக்கோள் வரைபடத்தில் வீட்டின் கூரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் தெண்டேலேக்குப் போனோம். குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வனவிலங்குப் பூங்காக்களைக் கவனிக்கும் எசெம்வெலோ அமைப்பு நடத்தும் முகாம் இது. மலைச்சரிவில் வரிசையாகச் சிறு வீடுகள். ஒவ்வொன்றும் ஆம்பிதியேட்டர் என்னும் பாறைச்சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அரைவட்டமாக வளைந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் அந்தச் சுவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுவர் வடகிழக்கைப் பார்த்து நிற்பதால், காலை ஏழு மணியளவில் எழும் சூரியனின் முதல் வெளிச்சம் நேரே அதன் மேல்தான் விழுகிறது. நாம் இருக்கும் பள்ளத்தாக்கு இன்னும் இருட்டாகவே இருக்க, மேல் விளிம்பு மட்டும் செம்பு நிறமாகி, அந்த நிறம் மெதுவாகக் கீழே இறங்கி வரும். சென்டினல் என்னும் கொடுமுடியில் தொடங்கி ஈஸ்டர்ன் பட்ரஸ் வரை அது பரவுவதை, கையில் காப்பியோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் பார்த்தோம். துகேலா அருவி சுவரின் உச்சியிலிருந்து 948 மீட்டர், ஐந்து தாவல்களாக விழுகிறது; குளிர்காலத்தில் அது ஒரு வெள்ளி நூல்தான், மேலே உறைந்தும் போகும். அருவியை நிறைவாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் வர வேண்டும்.

தெண்டேலேயின் வீடுகளும் மலையைப் பார்த்தவைதானே, அங்கே குளிரவில்லையா என்று கேட்கலாம். குளிர்ந்தது; ஆனால் நாங்கள் அதற்குள் பாடம் கற்றிருந்தோம். மலை மேற்கே உயர்ந்து நிற்பதால் பிற்பகல் நான்கு மணியளவிலேயே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடுகிறது. நிழல் வருவதற்கு முன்பே சன்னல்களை மூடி, திரைகளை இழுத்து, பகலில் சேர்ந்த சூட்டை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அறைகள் அளவானவை, கூரை தாழ்ந்தது, போர்வைகள் கனமானவை. அம்மா இரண்டு இரவும் நன்றாகத் தூங்கினார். பதிவு செய்யும்போது கணப்பு உள்ள வீடா, கட்டில்கள் எத்தனை, காரிலிருந்து வாசலுக்கு எத்தனை படிகள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா வீடுகளும் ஒரே அமைப்பில் இல்லை.

இங்கே சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். வரவேற்பு அலுவலகத்தில் அத்தியாவசியப் பொருள்களுக்கு ஒரு சிறு கடை உண்டு. மற்றபடி அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். நம் குடும்பங்களுக்கு இது குறையே அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை. 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; காய்ந்த சுகர் பீன்ஸைச் சாதாரணப் பாத்திரத்தில் வேகவைக்க நினைத்தால் மத்தியானத்தில் ஏற்றியது இரவுச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கும். எங்கள் பீன்ஸ் கறி முதல் நாள் அப்படித்தான் ஆனது. மறுநாளிலிருந்து டின் மீன் கறியும் ரொட்டியுமாகச் சமாளித்தோம். குக்கரைக் காரில் போட்டுக்கொண்டு போங்கள்.

குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பபூன்கள் முகாமைத் தங்கள் ஊராகவே நினைக்கின்றன. இரண்டாம் நாள் காலை மகள் சமையலறைச் சன்னலை ஒரு சாண் திறந்துவைத்து, பக்கத்து மேசையில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். திரும்பி வருவதற்குள், கருத்த நீண்ட ஒரு கை சன்னல் இடுக்கின் வழியே வந்து, அவசரமே இல்லாமல் சீப்பின் காம்பைத் தேடிப் பிடித்து, பழங்கள் சட்டத்தில் இடிக்காதபடி திருப்பி வெளியே இழுத்துக்கொண்டது. அந்தக் கை எவ்வளவு நிதானமாக வேலை செய்தது என்று அவள் இன்றும் சொல்கிறாள். சன்னலை மூட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்ததை நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை.

நடைக்கு இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன். முகாமை ஒட்டிய கார் நிறுத்துமிடத்திலிருந்தே துகேலா பள்ளத்தாக்குப் பாதை தொடங்குகிறது; போக வர ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெரும்பகுதி மேடு பள்ளமில்லாமல் புரோட்டியா மரங்களுக்கும் காட்டுக்கும் நடுவே போகிறது. கடைசியில்தான் ஆற்றுப் பாறைகளைத் தாண்டி, சங்கிலி ஏணியில் ஏற வேண்டிய பகுதி வருகிறது. கணவரும் மகளும் முழுவதும் போனார்கள். நானும் அம்மாவும் மகனும் ஒரு மணி நேரம் நடந்து, வெயில் விழும் ஒரு பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பினோம். வயதானவர்களும் பிள்ளைகளும் தங்கள் சக்திக்கேற்ற தூரம் நடந்து திரும்பக்கூடிய பாதை வாசலிலேயே இருக்கிறது என்பதுதான், ஒரு குடும்பத்துக்குத் தெண்டேலேயின் மிகப் பெரிய வசதி. பூங்காவுக்கு வெளியே தங்கினால் பெரும்பாலும் நடை தொடங்கும் இடத்துக்குக் காரில் போக வேண்டும். காலையில் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

இந்தப் பூங்கா 1916-இல் அமைக்கப்பட்டது. 1947-இல் பிரிட்டிஷ் அரச குடும்பம் வந்து தங்கியதால் பெயரோடு ‘ராயல்’ சேர்ந்தது. அரச குடும்பம் தங்கிய காலத்திலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளிலும், கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வம்சத்தில் பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கு மலை விடுதிகளில் இடமில்லை. பொது வசதிகளை நிறவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. என் அம்மா தம் இளமைக்காலத்தில் இந்த மலையைக் கார் சன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்ததோடு சரி. தங்குமிடத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட என்னால் முடியாது. ஐம்பது வருடம் தள்ளிக் கிடைத்த சாவியை அம்மா கையில் வாங்கி, தாமே கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டு வாங்கித் திறந்தார்.

ஐந்தாம் நாள் ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாக மேலே ஏறி, மாகாண எல்லையைத் தாண்டி, ஃப்ரீ ஸ்டேட்டில் இருக்கும் ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் அணைக்குப் போனோம். எல்லைப் பலகையைப் பார்த்ததும் அம்மா பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் 1891-இல் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 1980-களின் நடுப்பகுதிவரை இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்த மாகாணத்தில் இரவு தங்க முடியாது. ஜோஹானஸ்பர்க்கில் இருந்த பெரியப்பாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு, தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவாராம். “உங்க அப்பா இந்த மண்ணுல ஒரு நிமிஷம் கண்ணசந்தது கிடையாதும்மா” என்றார் அம்மா. அன்றிரவு நாங்கள் அங்கே தூங்கினோம்.

மூன்றாவது வீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் கதகதப்பான வீடு என்று நான் மனத்தில் வைத்திருந்தது அதுதான் என்பதை உள்ளே நுழைந்ததும் உணர்ந்தேன். பார்வைக்கு எளிய மரவீடு. ஏரியின் தென்கரைப் பக்கம் இருந்ததால், நீரைப் பார்த்த சன்னலே வடக்கையும் பார்த்தது. முதல் வீட்டில் நாங்கள் பட்ட முரண்பாடு இங்கே இல்லவே இல்லை. காலை எட்டு மணி முதல் நான்கரை மணிவரை கூடத்தில் வெயில் இருந்தது. தரை கருங்கல் பாவியது. மாலையில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்காலுக்கு இளஞ்சூடு தெரிந்தது. சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, தரைவரை தொங்கும் தடித்த திரை. திறந்த கணப்புக்குப் பதிலாகக் கதவுள்ள இரும்பு அடுப்பு வைத்திருந்தார்கள். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பங்கு புகைக்கூண்டு வழியே போய்விடும். இதில் காற்றைக் குறைத்துவைத்தால் நான்கு கட்டை விறகு விடியும்வரை கனன்றுகொண்டிருக்கிறது. விறகு கூரைக்கு அடியில் அடுக்கி, வெட்டிய மாதம் ஒரு சிறு அட்டையில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அந்த அட்டையைப் பார்த்தபோது வீட்டுக்காரர் மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பு வேறு எதனாலும் வந்திருக்காது. கீசர் காஸில் ஓடியது. 2023-இல் மின்வெட்டோடு நாம் பட்ட பாட்டை நினைத்தால், சமையலும் வெந்நீரும் மின்சாரத்தை நம்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை.

ஏரியின் நீர் அடித்தரைக் கல் தெரியும்படி தெளிந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அணைக்குச் சொந்தமாகப் பெரிய ஆறு எதுவும் இல்லை. மழைநீர் அடித்துக்கொண்டுவரும் சேறும் குறைவு. கீழே நட்டால் பக்கத்தில் துகேலா ஆற்றிலிருந்து எடுக்கும் நீரை மலைக்கு மேலே ஏற்றி இங்கே சேமித்துவைத்து, ஜோஹானஸ்பர்க் வட்டாரத்துக்கு நீர் தரும் வால் (Vaal) ஆற்று அணைக்குத் தேவைப்படும்போது திறந்துவிடுகிறார்கள். நீரை ஏற்றி இறக்குவதிலேயே 1,000 மெகாவாட் மின் நிலையம் ஒன்றும் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. முதல் வீட்டின் முன்னால் தேங்கும் நீரும் இதே திட்டத்தைச் சேர்ந்ததுதான். கீழணை ஏறி இறங்கும். இது சேமிப்பு அணை என்பதால் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். ஏரிக்கரை வேண்டும் என்பவர்கள் எந்த அணை எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிராது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆறு கிலோமீட்டர் மண் சாலை, தாழ்ந்த கார்களுக்கு ஏற்றதல்ல. மேட்டு நிலம் என்பதால் பிற்பகலில் காற்று பலமாக வீசி ஏரியில் அலை எழுப்புகிறது. படகைக் காலையில் மட்டுமே எடுக்க முடிந்தது, அதுவும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கரையோரமாக. அந்த நீரின் குளிரில் விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் ஆபத்து. மலைச்சுவரை இங்கிருந்து அதன் முதுகுப்பக்கமாகத்தான் பார்க்கிறோம். சமையலறைச் சன்னலில் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். பெரிய நடைப்பாதைகளுக்குக் காரில் போக வேண்டும். ஏரியில் மஞ்சள்மீன் பிடிக்கத் தூண்டிலோடு வருகிறவர்களுக்கும், சும்மா உட்கார்ந்து நீரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இது சொர்க்கம். காலையிலிருந்து மாலைவரை மலையேற நினைக்கிறவர்களுக்கு அல்ல.

இந்த மூன்று வீட்டு அனுபவத்துக்குப் பிறகு, படங்களை மூடிவைத்துவிட்டு வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் பேசுவதே சரி என்று முடிவு செய்திருக்கிறேன். கூடத்துச் சன்னல் எந்தத் திசை, காலையில் எத்தனை மணிக்கு வெயில் உள்ளே வருகிறது, கணப்பு திறந்ததா மூடியதா, விறகு எப்போது வெட்டியது, ஆளுக்கு எத்தனை கம்பளி, கீசர் எதில் ஓடுகிறது, கார் வாசல்வரை வருமா என்று கேட்டால், நல்ல வீடு வைத்திருப்பவர் தயங்காமல் பதில் சொல்கிறார். “அதெல்லாம் வசதியாக இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னால் வேறு வீடு பார்க்கலாம். ஒன்றை மட்டும் எந்த வீட்டிலும் யாரும் செய்யக் கூடாது. வெளியில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் கனலையோ கரிச்சட்டியையோ சூட்டுக்காக அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். புகையில்லாத கனலிலிருந்துகூடக் கார்பன் மோனாக்ஸைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி உயிர் போகிறது.

கோடையில் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அப்போது தெற்குப் பார்த்த திண்ணை குளிர்ச்சி தரும், புல்வேய்ந்த கூரை வெயிலைத் தடுக்கும். பிற்பகல்களில் இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும் என்பதால், புல்கூரை வீட்டின் பக்கத்தில் உயரமான மின்னல் தாங்கிக் கம்பம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அளவு குளிரே வேண்டாம் என்பவர்களுக்கு, தாழ்ந்த நிலத்தில் வின்டர்டனுக்கு வடக்கே உள்ள ஸ்பியோன்கோப் அணைக்கரை ஏற்றது. 1900 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் அங்கே நடந்த போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்த ஏறத்தாழ 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். திரும்பும் வழியில் அந்தக் குன்றின் மேல் காரை நிறுத்தி அம்மா கைகூப்பிவிட்டு வந்தார்.

வரும் ஜூலைக்குத் தெண்டேலேயில் இரண்டு இரவும் ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் மரவீட்டில் நான்கு இரவும் கேட்டிருக்கிறோம். ஆடிக் கூழ் ஊற்றும் நாளுக்கு முன்பே ஊர் திரும்பும்படியாகத் தேதி வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறை நாள்களுக்குத் தெண்டேலே பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுவதால், கணவர் ஜனவரியிலேயே தொலைபேசி எடுத்தார். அம்மா அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “படி கம்மியா இருக்கிற வீடா கேளுங்க, மாப்பிள்ளை” என்று இரண்டு முறை சொன்னார்.